ரிமோட் நம் கையில்... பில் யார் கையில்?

பிரிட்டனில் ஒரு வீட்டுக்குக் கரன்ட் பில், தண்ணீர் பில், கேஸ் பில் வருவதுபோல டி.வி. பில்லும் வரும். கேபிள்காரருக்குக் கொடுக்கும் காசு இல்லை இது. டி.வி. பார்ப்பதற்கே ஒரு லைசென்ஸ் வாங்க வேண்டும். 2025 ஏப்ரலில் அதன் ஆண்டுக் கட்டணம் 174.50 பவுண்டு ஆனது. நம் கணக்கில் ஏறக்குறைய 20,000 ரூபாய்!

"என்னது, டி.வி. பார்க்க லைசென்ஸா?" என்று இன்றைய பிள்ளைகள் கேட்கலாம். வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள். ரேடியோ பெட்டிக்குத் தபால் அலுவலகத்தில் லைசென்ஸ் கட்டிய காலம் நம் ஊரிலும் இருந்தது. இங்கே அது 1980-களோடு போய்விட்டது. ஐரோப்பாவில் பல நாடுகளில் ஏதோ ஒரு வடிவத்தில் இன்னும் தொடர்கிறது. அதைச் சுற்றித் தேர்தல், வழக்கு, போராட்டம், ஏன் ஓர் ஆட்சிக் கூட்டணியின் உடைப்புகூட நடந்திருக்கிறது.

'ஃப்ரீ சேனல்' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். உண்மையில் அப்படி ஒன்று கிடையாது. யாரோ ஒருவர் காசு கொடுக்கிறார். அந்தக் காசு எந்த வழியாக வருகிறது என்பதுதான் எந்த சேனல் இருக்கும், எது மூடப்படும், எந்த மேட்ச் யார் வீட்டில் தெரியும் என்பதையெல்லாம் முடிவு செய்கிறது. இந்த வாரம் அந்தக் கணக்கைத்தான் பார்க்கப் போகிறோம்.

கதவைத் திறப்பது யார்?

பிரிட்டனின் லைசென்ஸ் பணத்தில் பெரும்பகுதி பி.பி.சி-க்குப் போகிறது. அதனால்தான் அந்த நாட்டுக்குள் பி.பி.சி. சேனல்களில் விளம்பரம் கிடையாது. ஆனால், பி.பி.சி. பார்க்காதவர்களுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. எந்த சேனலை நேரலையாகப் பார்த்தாலும் லைசென்ஸ் வேண்டும். போனில் பார்த்தாலும் அப்படித்தான். பி.பி.சி-யின் ஐபிளேயரில் பழைய நிகழ்ச்சியைப் பார்ப்பதற்கும் 2016 முதல் லைசென்ஸ் கட்டாயம்.

இதில் சில வேடிக்கையான விதிகளும் உண்டு. கறுப்பு வெள்ளை டி.வி. வைத்திருப்பவருக்குத் தனிக் கட்டணம், 2025 ஏப்ரலில் அது 58.50 பவுண்டு ஆனது. பார்வையற்றவருக்கோ முழு விலக்கு இல்லை, பாதிக் கட்டணம்தான்!

வேடிக்கை இல்லாத பக்கமும் ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் பார்ப்பது அங்கே குற்ற வழக்கு. 1,000 பவுண்டு வரை அபராதம் போடலாம். இந்தக் குற்றத்துக்குத் தண்டனை பெறுபவர்களில் பத்தில் ஏழு பேருக்கும் மேல் பெண்கள். பெண்கள்தான் அதிகம் ஏமாற்றுகிறார்களா? இல்லை. அதிகாரி வந்து கதவைத் தட்டும்போது வீட்டில் இருப்பதும், கதவைத் திறந்து பதில் சொல்வதும் பெரும்பாலும் அவர்கள்தான். டி.வி. பார்ப்பது மொத்தக் குடும்பம், கோர்ட்டில் நிற்பது கதவைத் திறந்தவர்!

பெரியவர்கள் விஷயமும் இப்படித்தான். 75 வயதைத் தாண்டியவர்களுக்கு 2000-ம் ஆண்டு முதல் இலவச லைசென்ஸ் கிடைத்து வந்தது. அந்தச் செலவை அரசு ஏற்றது. 2015-ல் அரசு அந்தப் பொறுப்பை பி.பி.சி-யின் தலையில் வைத்தது. அவ்வளவையும் தாங்கினால் சில சேனல்களை மூட வேண்டியிருக்கும் என்றது பி.பி.சி. கடைசியில் 2020 ஆகஸ்ட் முதல் வருமானம் குறைந்த, 'பென்ஷன் கிரெடிட்' உதவி பெறும் முதியவர்களுக்கு மட்டும் இலவசம் என்றானது. துணைக்கு டி.வி. மட்டுமே இருக்கும் எத்தனையோ முதியவர்கள் மறுபடியும் காசு கட்டத் தொடங்கினார்கள். சலுகையை அறிவித்தது அரசு, நிறுத்தியவர் என்ற பழி பி.பி.சி-க்கு!

ஊருக்கு ஒரு வழி

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன?

ஜெர்மனியில் 2013 முதல் 'டி.வி. இருக்கிறதா?' என்ற கேள்வியே கிடையாது. வீடு இருக்கிறதா, மாதம் 18.36 யூரோ கட்ட வேண்டும். இத்தாலியில் கட்டாமல் தப்பிப்பவர்கள் ஏராளம். அதனால் 2016-ல் அந்தக் கட்டணத்தைக் கரன்ட் பில்லோடு சேர்த்துவிட்டார்கள். 'டி.வி. இல்லை' என்று சொல்லலாம், 'கரன்ட் இல்லை' என்று சொல்ல முடியுமா? வசூல் கிடுகிடுவென உயர்ந்தது. ஃபின்லாந்து அதை வருமானத்துக்கு ஏற்ற தனி வரியாக மாற்றியது. பிரான்ஸ் 2022-ல் 138 யூரோ கட்டணத்தையே எடுத்துவிட்டு, விற்பனை வரியில் ஒரு பங்கை ஒதுக்கியது.

கட்டணம் ரத்தானால் மக்களுக்குச் சந்தோஷம்தானே? பிரான்ஸில் பொதுத்துறை டி.வி., ரேடியோ ஊழியர்கள் அதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களின் பயம் எளிமையானது. மக்கள் நேராகக் கட்டும் பணத்தை அரசு அவ்வளவு சுலபமாகத் தொட முடியாது. பட்ஜெட்டிலிருந்து வரும் பணம் என்றால், ஒவ்வோர் ஆண்டும் நிதியமைச்சர் முகத்தைப் பார்க்க வேண்டும். தன்னைக் கேள்வி கேட்கும் செய்திப் பிரிவுக்கு எந்த அரசு மனதாரப் பணம் ஒதுக்கும்?

இந்தப் பயத்தை ஜெர்மனி சட்டத்திலேயே கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது. அங்கே எவ்வளவு பணம் தேவை என்று ஒரு சுதந்திரமான நிபுணர் குழு கணக்குப் போடும். 16 மாநிலங்களும் அதை ஏற்க வேண்டும். 2020 டிசம்பரில் சாக்சனி-அன்ஹால்ட் என்ற ஒரே ஒரு மாநிலம் முட்டுக்கட்டை போட்டது. கட்டணத்தை 17.50 யூரோவிலிருந்து 18.36-ஆக உயர்த்தும் திட்டம் அப்படியே நின்றது. சண்டை எத்தனை பெரிய தொகைக்கு? 86 சென்ட்! விஷயம் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. 2021 ஆகஸ்ட்டில், அந்த மாநிலம் செய்தது ஒளிபரப்புச் சுதந்திரத்தை மீறிய செயல் என்று தீர்ப்பு வந்தது. உயர்வும் அமலுக்கு வந்தது. ஒரு யூரோகூட இல்லாத தொகைக்கு இத்தனை பெரிய கோர்ட்டா என்று தோன்றலாம். பணத்தை நிறுத்தி ஒரு சேனலை மிரட்ட முடியுமா, முடியாதா என்பதுதான் அங்கே கேள்வியாக இருந்தது.

முடியும் என்பதற்கு உதாரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். அதே ஐரோப்பாவில், கிரீஸில் நடந்தது.

கறுத்துப்போன திரை

2013 ஜூன் 11. கிரீஸ் கடுமையான கடன் நெருக்கடியில் இருந்தது. கடன் கொடுத்தவர்கள் அரசு ஊழியர்களைக் குறைக்கச் சொல்லி நெருக்கினார்கள். அன்று மாலை அரசின் செய்தித் தொடர்பாளர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஈ.ஆர்.டி. இழுத்து மூடப்படுகிறது. எப்போது? அன்று இரவே!

ஈ.ஆர்.டி-யில் ஆள் அதிகம், செலவு அதிகம், வீண்விரயம் என்றது அரசு. அந்த விமர்சனத்தில் நியாயம் இருப்பதாக நினைத்தவர்களும் இருந்தார்கள். ஆனால், இரவு 11 மணியை ஒட்டி நேரலையின் நடுவிலேயே திரை கறுத்துப்போனதும் அவர்களில் பலரும் அதிர்ந்துபோனார்கள். ஏறக்குறைய 2,650 பேருக்கு ஒரே இரவில் வேலை போனது.

ஊழியர்கள் வீட்டுக்குப் போகவில்லை. ஏதென்ஸ் தலைமை அலுவலகத்திலேயே தங்கி, நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து தயாரித்தார்கள். ஐரோப்பிய ஒளிபரப்பு நிறுவனங்களின் கூட்டமைப்பு அதை இணையத்தில் கொண்டு சேர்த்தது. வெளியே ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டார்கள். ஆட்சியில் பங்கு வகித்த ஜனநாயக இடதுசாரிக் கட்சி கூட்டணியிலிருந்தே வெளியேறியது. அந்த ஆண்டு நவம்பரில் கலவரத் தடுப்பு போலீஸ் உள்ளே புகுந்து கட்டடத்தைக் காலி செய்தது.

இதற்கிடையில் அரசு ஒரு தற்காலிக சேனலை ஆரம்பித்தது. 2014-ல் 'நெரிட்' என்ற புதிய நிறுவனம் வந்தது. 2015-ல் ஆட்சி மாறியதும், சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து அதே ஜூன் 11-ல் ஈ.ஆர்.டி. திரும்ப வந்தது. வீட்டுக் கரன்ட் பில்லில் மாதம் 3 யூரோ என்ற கட்டணத்தோடு!

ஒரு சேனலைத் திருத்துவது வேறு, அதை அணைப்பது வேறு. கிரீஸ் மக்கள் அந்த வித்தியாசத்தை ஒரே இரவில் பார்த்துவிட்டார்கள்.

சத்தமில்லாமல் மறையும் சேனல்கள்

எல்லா இடத்திலும் இப்படி அதிரடியாக நடப்பதில்லை. பெரும்பாலும் பட்ஜெட் குறையும், ஏதோ ஒரு நாள் ஒரு சேனல் எண்ணில் ஒன்றும் வராது.

டென்மார்க்கில் 2018-ல் அரசியல் கட்சிகள், பொதுத்துறை நிறுவனமான டி.ஆர்-இன் நிதியை 20 சதவிகிதம் குறைக்க முடிவெடுத்தன. லைசென்ஸ் கட்டணத்தைப் படிப்படியாக எடுத்துவிட்டு வரிப் பணத்துக்கு மாறுவதும் முடிவானது. விளைவு? 2020 தொடக்கத்தில் கலாசார சேனலான டி.ஆர். கே மூடப்பட்டது. இளைஞர்களுக்கான டி.ஆர். 3, சிறுவர்களுக்கான டி.ஆர். அல்ட்ரா இரண்டும் டி.வி-யை விட்டு இணையத்துக்குப் போயின. வெட்டு விழும்போது எப்போதுமே முதலில் போவது பெரிய சேனல் அல்ல. கலை, குழந்தைகள், இளைஞர்கள் என்று கூட்டம் குறைவாக இருக்கும் வரிசைதான்.

பி.பி.சி-யும் இதையே செய்து பார்த்தது. இளைஞர்களுக்கான பி.பி.சி. த்ரீ சேனலை, செலவைக் குறைக்க 2016 பிப்ரவரியில் இணையத்துக்கு மாற்றியது. 'இளைஞர்கள்தான் டி.வி. பார்ப்பதில்லையே' என்பது அதற்கான வாதம். இணையத்திலும் அது நல்ல தொடர்களைக் கொடுத்தது. உலகம் முழுக்கப் பேசப்பட்ட 'ஃப்ளீபேக்' அங்கே வந்ததுதான். ஆனாலும், சேனலாக இருந்தபோது ரிமோட்டைத் தட்டிக்கொண்டே வந்து எதேச்சையாக நின்ற கூட்டம் காணாமல்போனது. இணையத்தில் ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால், அது இருப்பது முதலில் தெரிய வேண்டும். தேட வேண்டும். நல்ல நெட் வேண்டும். 2022 பிப்ரவரியில் பி.பி.சி. த்ரீ மறுபடியும் டி.வி. சேனலாகத் திரும்பியது.

கேக் யாருடையது?

அடுத்து, உரிமை விவகாரம். ஒரு நிகழ்ச்சி எந்த சேனலில் வருகிறதோ அந்த சேனலுக்குத்தான் சொந்தம் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை என்பதை பிரிட்டன் மக்களுக்குப் புரியவைத்தது ஒரு சமையல் நிகழ்ச்சி.

'தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்', புல்வெளியில் கூடாரம் போட்டு, சாதாரண மனிதர்கள் கேக்கும் ரொட்டியும் செய்யும் போட்டி. 2010-ல் பி.பி.சி-யின் இரண்டாவது சேனலில் சின்னதாக ஆரம்பித்து, பிரிட்டனிலேயே அதிகம் பேர் பார்க்கும் நிகழ்ச்சிகளில் ஒன்றாக வளர்ந்தது. ஆனால், அதன் உரிமை அதைத் தயாரித்த லவ் புரொடக்‌ஷன்ஸ் கம்பெனியிடம் இருந்தது. வெளித் தயாரிப்பாளர்கள் தங்கள் படைப்பின் உரிமையைத் தாங்களே வைத்துக்கொள்ள 2003-ம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருந்தது. 2016-ல் பி.பி.சி. கொடுக்க முன்வந்த தொகை போதவில்லை. நிகழ்ச்சி சேனல் 4-க்குப் போய்விட்டது.

நடுவர் மேரி பெர்ரியும், தொகுத்து வழங்கிய மெல், சூ இருவரும் புதிய சேனலுக்குப் போக மறுத்தார்கள். இன்னொரு நடுவரான பால் ஹாலிவுட் மட்டும் போனார். விளம்பரமே இல்லாமல் பார்த்துப் பழகிய நிகழ்ச்சி, விளம்பர இடைவேளைகளோடு வர ஆரம்பித்தது. ஆனால், இதிலும் ஓர் ஆறுதல் உண்டு. சேனல் 4-ம் சந்தா இல்லாத சேனல்தான். சேனல் மாறியதே தவிர, பார்க்க முடியாமல் யாரும் வெளியே நிற்கவில்லை.

கிரிக்கெட்டில் நடந்தது அப்படி அல்ல.

ஆஷஸ் ஜெயித்தது, ஆட்டம் மறைந்தது

2005 செப்டம்பர் 12, லண்டன் ஓவல் மைதானம். கெவின் பீட்டர்சன் 158 ரன் விளாச, 18 ஆண்டுகளுக்குப் பிறகு ஆஷஸ் இங்கிலாந்துக்கு வந்தது. அந்தத் தொடரை சேனல் 4 ஒளிபரப்பியது. சந்தா இல்லை. டி.வி. இருந்த எந்த வீட்டிலும் பார்க்கலாம். நாட்டிங்ஹாம் டெஸ்டை ஒரு கட்டத்தில் 84 லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதுதான் கடைசி. தொடர் ஆரம்பிப்பதற்கு முன்பே, 2004 டிசம்பரில், அடுத்த நான்கு ஆண்டு உரிமையை இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் சந்தா சேனலான ஸ்கைக்கு விற்றிருந்தது. மொத்தம் 22 கோடி பவுண்டு. சந்தா சேனலில் பேச விரும்பாத ரிச்சி பெனோ, இங்கிலாந்தில் தன் டி.வி. வர்ணனையை அன்றோடு முடித்துக்கொண்டார். 2009-ல் இங்கிலாந்து மறுபடியும் அதே ஓவலில் ஆஷஸை வென்றபோது, ஸ்கையில் பார்த்தவர்கள் உச்சத்திலும் 20 லட்சத்தைத் தொடவில்லை.

வாரியத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அந்தப் பணம்தான் மாவட்ட அணிகளையும் பயிற்சி மையங்களையும் பெண்கள் கிரிக்கெட்டையும் தாங்கியது என்கிறார்கள். ஆனால், ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தங்கள் நாட்டு ஹீரோக்கள் ஆடுவதைப் பார்க்காமலே வளர்ந்தார்கள் என்ற விமர்சனம் இன்றும் ஓயவில்லை. 2019 உலகக் கோப்பையில் இங்கிலாந்து இறுதிப் போட்டிக்கு வந்ததும், ஸ்கையே அந்த ஓர் ஆட்டத்தை சேனல் 4-க்கும் பகிர்ந்துகொடுத்தது. 2005-க்குப் பிறகு அங்கே சந்தா இல்லாமல் நேரலையாக வந்த முதல் டெஸ்ட் எது தெரியுமா? 2021 பிப்ரவரியில் நம் சேப்பாக்கத்தில் நடந்தது! ஜோ ரூட் 218 அடித்ததை, அங்கே அதிகாலை 4 மணிக்கு எழுந்து சேனல் 4-ல் பார்த்தார்கள்.

இதைத் தடுக்க சட்டம் இல்லையா? இருக்கிறது. ஒலிம்பிக்ஸ், கால்பந்து உலகக் கோப்பை, விம்பிள்டன் இறுதிப் போட்டி போன்றவற்றை எல்லோரும் பார்க்கும் சேனல்களுக்குக் கிடைக்கச் செய்ய பிரிட்டன் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. உள்நாட்டு டெஸ்ட் போட்டிகளும் அந்த முதல் பட்டியலில்தான் இருந்தன. 1998-ல் அவற்றை ஹைலைட்ஸ் மட்டும் போதும் என்ற இரண்டாவது பட்டியலுக்கு இறக்கினார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து அதன் பலன் தெரிந்தது.

மற்ற ஐரோப்பிய நாடுகளும் இப்படிப் பட்டியல் போடலாம். உலகக் கோப்பையின் எல்லா ஆட்டங்களையும் சேர்த்த பிரிட்டன், பெல்ஜியம் நாடுகளின் பட்டியல்களை எதிர்த்து ஃபிஃபா வழக்கு நடத்தியது. 2013-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. முக்கியமான போட்டிகளின் சிக்னலை பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று நம் நாட்டில் 2007-ல் வந்த சட்டமும் இதே சிந்தனைதான்.

கிரீஸ் கார்டு வாங்கிய கடைக்காரர்

பட்டியலில் இல்லாத ஆட்டங்களுக்கு நாட்டுக்கு நாடு ஒரு விலை. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தைக் கடையில் காட்ட இங்கிலாந்திலேயே பெரிய தொகை கட்ட வேண்டும். அதே ஆட்டம் கிரீஸில் மலிவு. போர்ட்ஸ்மவுத்தில் மதுக்கடை நடத்திய ஒரு பெண்மணி, கிரீஸ் சேனலின் டீகோடர் கார்டை வாங்கித் தன் கடையில் ஆட்டம் காட்டினார். வழக்குப் போட்டு அபராதம் விதித்தார்கள். அவர் விடவில்லை.

2011 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு பெரிய கம்பெனிகளைக் கலங்கடித்தது. வேறு ஐரோப்பிய நாட்டின் கார்டை வாங்குவதைத் தடுக்கும் சட்டம் செல்லாது. கால்பந்து ஆட்டம் என்பது யாரும் எழுதிய படைப்பு அல்ல, அதற்குக் காப்புரிமை கிடையாது. லீக்கின் பாட்டு, கிராஃபிக்ஸ் போன்றவற்றுக்குத்தான் உண்டு. அடுத்த ஆண்டு அவருடைய தண்டனை ரத்தானது. ஒரு கடைக்காரர், காசு கொடுத்து வாங்கிய கார்டைக் கையில் வைத்துக்கொண்டு 'நான் என்ன திருடினேன்?' என்ற கேள்வியை அவ்வளவு தூரம் கொண்டுபோய்விட்டார்.

மக்களையே கேட்டபோது...

இத்தனை குழப்பம் இருக்கிறதே, கட்டணத்தையே தூக்கி எறிந்தால் என்ன? சுவிட்சர்லாந்து இந்தக் கேள்வியை நேராக மக்களிடமே கேட்டது. 2018 மார்ச் 4-ல் வாக்கெடுப்பு. அப்போது ஒரு வீட்டுக்கு ஆண்டுக் கட்டணம் 451 ஃபிராங்க். ஐரோப்பாவிலேயே மிக அதிகமான கட்டணங்களில் ஒன்று. ரத்து செய்தால் வீட்டுக்கு வீடு லாபம்.

71.6 சதவிகிதம் பேர் 'ரத்து வேண்டாம்' என்று ஓட்டுப் போட்டார்கள்!

டி.வி. மேல் உள்ள பாசம் மட்டும் அல்ல அது. சுவிட்சர்லாந்தில் ஜெர்மன், ஃபிரெஞ்சு, இத்தாலியன், ரொமான்ஷ் என்று நான்கு மொழிகள். விளம்பரத்தை மட்டும் நம்பினால், சில பத்தாயிரம் பேர் பேசும் ரொமான்ஷ் மொழியில் யார் செய்தி வாசிப்பார்கள்? பெரிய மொழிக்காரர்கள் கட்டும் காசில்தான் சின்ன மொழியின் குரல் கேட்கிறது. அது தெரிந்துதான் ஓட்டுப் போட்டார்கள். 'காசு அதிகம்' என்ற புகாரையும் அரசு காதில் போட்டுக்கொண்டது. கட்டணம் 2019-ல் 365 ஃபிராங்காகவும், 2021-ல் 335 ஆகவும் குறைந்தது.

பிரிட்டனும் இப்போது அந்த இடத்துக்கு வந்து நிற்கிறது. பி.பி.சி-யின் தற்போதைய சாசனம் 2027 டிசம்பரோடு முடிகிறது. லைசென்ஸ் தொடருமா, வரியாகுமா, சந்தாவாகுமா என்ற விவாதம் நடக்கிறது. சந்தா என்றால், கட்ட முடிந்தவருக்கு மட்டும் நல்ல செய்தி, நல்ல நாடகம். வரி என்றால், பணப்பெட்டி அமைச்சர் கையில். லைசென்ஸ் என்றால், கதவைத் திறக்கும் பெண்ணுக்கு அபராதம். எந்த வழியிலும் குறை இருக்கிறது.

ஆனால், அவர்களிடம் ஒரு விஷயம் தெளிவாக இருக்கிறது. தங்கள் டி.வி-க்கு யார், எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பது அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். பில் கையில் இருப்பதால் கேள்வியும் கேட்கிறார்கள். விளம்பரத்தில் ஓடும் சேனலுக்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம், சோப்பு விலையிலும் செல்போன் ரீசார்ஜிலும் சேர்த்து. பில் தனியாக வருவதில்லை, அவ்வளவுதான்!